டெய்லரக்கா பிடித்த பூனை

தட்டைக் கூண்டுக்குள் வைத்துவிட்டு டெய்லரக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள். நேருக்கு நேர் பார்த்தால் பூனை வராது. மடியில் பிரிக்க வேண்டிய பாவாடையோ பொத்தான் போன சட்டையோ இருக்கும். விரல் தையலைப் பிரிக்க, காது மட்டும் பின்பக்கம் போய்விடும். மோட்டார் அறைச் சுவரிலிருந்து மெத்தென்று ஒரு குதிப்பு. பிறகு தட்டில் நாக்குப் படும் சத்தம். "மேடம் வந்தாச்சு" என்பாள், எதிர்ச் சுவரைப் பார்த்து.

மேடம் என்பது அந்தத் தெருப் பூனைக்கு அவள் வைத்த பெயர். சாம்பல் உடம்பு, ஒரு காதில் கிழிசல், சாப்பிடுவதே நமக்குச் செய்யும் உபகாரம் என்பதுபோல ஒரு முகம். இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

கூண்டு, விலங்கு மருத்துவமனையில் இரவல் வாங்கியது. உள்ளே இருக்கும் தகட்டை மிதித்தால் கதவு விழும். விழாமலிருக்கப் பாவாடை நாடாவால் கதவைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள். முதலில் தட்டு கூண்டுக்கு வெளியே இருந்தது. பிறகு வாசலுக்கு வந்தது. பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது. மேடம் பயமில்லாமல் கடைசிவரை போய்ச் சாப்பிடப் பழகியதும் நாடாவை அவிழ்ப்பது, கருத்தடை செய்து, ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவது. தைக்கக் கொடுக்க வருகிற யாரும் இந்தத் திட்டத்தைக் கேட்காமல் திரும்பிப் போக முடியாது. "அவசரமே கூடாதுங்க. துணிய இழுத்துப் பிடிச்சுத் தைச்சா சுருங்கிக்கும்ல, அதே கதைதான்."

அளவெடுக்க அவளுக்கு டேப் வேண்டியதில்லை. ஆள் வாசலுக்கு வரும்போதே தோளும் இடுப்பும் கண்ணில் விழுந்துவிடும். ஒருமுறை ஒரு புதுப்பெண்ணிடம், "உள்ள கொஞ்சம் துணி விட்டே தைக்கிறேம்மா, அப்புறமா பிரிச்சுவிட்டுக்கலாம்" என்றாள். வீட்டில் இன்னும் மாமியாருக்கே சொல்லாத சேதி அது. அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்ததை டெய்லரக்கா இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்கிறாள்.

மாடியில் இருப்பவள் டெய்லரக்காவின் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. பூனைத் தட்டின் மீன் நாற்றம் படியேறி வருகிறது என்று அவள் ஒருநாள் சொல்ல, இவள் பதிலுக்கு ஏதோ சொல்ல, பேச்சு நின்றது. இடையில் டெய்லரக்காவின் கணவர் இறந்தபோது இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்ததும் பேசாமல் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். "மேல ஒரு கல்லுக்குச் சேலை கட்டி உக்கார வெச்சிருக்கு. தட்டுல விஷத்தைக் கிஷத்தைக் கலந்துடுமோன்னுதான் நான் பக்கத்துலயே காவல் இருக்கேன்" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

நடுவில் சில நாள் மேடத்தைக் காணவில்லை. திரும்பி வந்தபோது முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் சாப்பிட்டு முடித்து அங்கேயே உட்கார்ந்து முகம் துடைக்கும். இப்போது அள்ளி விழுங்கிவிட்டு ஓடியது. டெய்லரக்கா கண்ணாலேயே அளந்து, நோய் என்று முடிவு கட்டினாள். ஓடியதில் கொஞ்சம் மனத்தாங்கலும் கூட. "இவ்வளவு போட்டும் என்னை நம்பல பாருங்க."

மறுநாள் காலையிலேயே நாடாவை அவிழ்த்துவிட்டாள். கதவு விழுந்ததும் மேடம் கம்பியில் மோதிய மோதலில் மூக்கு கிழிந்தது. பழைய திரைச்சீலையைப் போட்டு மூடினாள். இருட்டானதும் அடங்கியது.

மருத்துவமனையில் மயக்க ஊசி போட்டு, வயிற்று முடியை மழிக்கப் புரட்டிப் போட்ட டாக்டரம்மா கையை நிறுத்தினாள்.

"அக்கா, குட்டிங்க எங்க?"

"எந்தக் குட்டி?"

டாக்டரம்மா ஒரு காம்பை லேசாக அழுத்தினாள். பால் துளிர்த்தது.

"பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஆபரேஷன் இப்ப வேணாம். ஆனா மயக்கம் முழுசா தெளியாம வெளிய விட முடியாது, சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் குட்டிங்க சூடு இல்லாம தாங்காது. போய்த் தேடுங்க."

குட்டிகளுக்கான பால் மாவும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

மோட்டார் அறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் என்று முழங்காலிட்டுத் தேடினாள். தெருவுக்கே பூனைப் பாடம் எடுத்தவளுக்கு, தினமும் சோறு போட்ட பூனை எங்கே படுக்கிறது என்று தெரியவில்லை.

மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓரகத்தியின் முகம் தெரிந்தது.

"என்ன தேடுற?"

இத்தனை நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. டெய்லரக்காவின் வாயில், "ஊசி" என்றுதான் வந்தது.

"ஊசி தேடுற லட்சணமா இது, தலையெல்லாம் ஒட்டடை. பூனைய எங்க கொண்டுபோன? காலையில அந்தக் கத்து கத்துச்சே."

ஊசி ஊசி என்றே சாதித்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். கையிலிருந்த சிரிஞ்சு வியர்வையில் வழுக்கியது.

"அக்கா, பால் குடுக்கிற பூனைன்னு தெரியாமப் பிடிச்சுட்டேன். குட்டிங்க எங்கன்னு தெரியல. செத்துடும்க்கா."

முகம் மறைந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தாள். படிக்கட்டிலிருந்து குரல் வந்தது: "அங்கயே நின்னா எப்படி? மேல வா."

கட்டிலுக்கு அடியில் ஓர் அலமாரி டிராயர். கம்பளித் துண்டுக்குள் மூன்று குட்டிகள், கண் திறக்காமல். பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்.

"அதுவா ஜன்னல் வழியா கவ்விக்கிட்டு வந்துச்சு. என்னை ஒரு பார்வை பாத்துச்சு, உள்ள போட்டுச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். காலையில இருந்து தாயக் காணோம், அதான் வெந்நீர் வெச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருப்பேன். விஷம் வைக்கிறவன்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்க. நாளைக்கு ஒரு குட்டிக்கு ஒண்ணு ஆனாலும் பழி எனக்குத்தானே? வாய மூடிக்கிட்டேன்." பிறகு டிராயரை இழுத்தபடி, "ஆளப் பாத்தே அளவெடுக்கிறவ நீ. இது கண்ணுல படலையா?" என்றாள்.

டெய்லரக்கா பாலைக் கரைத்தாள். சிரிஞ்சில் ஏற்றி ஒரு குட்டியின் வாயில் வைத்து அழுத்தினாள்.

"மெதுவா, மூக்குல போயிடப்போகுது."

"தெரியும்க்கா" என்றவள், பாதியில் நிறுத்தினாள். "எப்படிப் பிடிக்கணும், நீங்க காட்டுங்க."

மூன்றும் குடித்தன. வெந்நீரை மாற்றி மாற்றி வைத்துப் பகலைத் தள்ளினார்கள்.

சாயங்காலம் டெய்லரக்கா மருத்துவமனையிலிருந்து கூண்டைத் திரைச்சீலையோடு மாடிக்குத் தூக்கி வந்தாள்.

"நீயே தொற" என்றாள் ஓரகத்தி.

"வேணாம்க்கா. நான் இருந்தா வெளிய வராது."

வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். கூண்டு திறந்த சத்தம் கேட்டது. அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு குட்டிகள் மூன்றும் ஒன்றாகக் கீச்சிட்டன. கீச்சு ஒவ்வொன்றாக அடங்கியது.

ஓரகத்தி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். "படுத்துப் பால் குடுக்குது. சத்தம் போடாம வந்து பாரு."

டெய்லரக்கா நிலைப்படிவரை வந்தாள். உள்ளே பார்க்கவில்லை. குனிந்து, வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, சத்தம் கேட்காமல் வெறுங்காலோடு படியிறங்கினாள்.