மணல் டிப்பரை மறித்தவர்

சார்ஜன்ட் ஜவ்பர் வேலை பார்த்த பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். காணிச் சண்டை, களவுபோன மாடு, அடிக்கிற புருசன் என்று எது நடந்தாலும் சனம் அவரைத்தான் தேடும். லீவு நாளில் கிண்ணியாவிலுள்ள வீட்டுக்கே வந்துவிடுவார்கள். "சோத்தையாவது தின்ன விடுங்களன்" என்று மனைவி பஸ்மியா முணுமுணுப்பாள். அவர் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போவார்.

நான்கு வருசத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பகல், அனுமதியில்லாமல் ஆற்று மணல் ஏற்றிவந்த டிப்பரைக் கைகாட்டி மறித்தார். டிப்பர் நிற்காமல் அவரை அடித்துத் தள்ளிவிட்டுப் போனது. பக்கத்து நிலையத்திலிருந்து அன்று கூடப் போன கான்ஸ்டபிள் பிரகலாதனின் மடியில்தான் உயிர் போனது.

ஜனாஸா அடக்கிய அன்று பிரகலாதன் முற்றத்தில் நின்று குழறினான். "ஓட்டினவனை என்ர கண்ணால கண்டனான். விடமாட்டன்!"

அறைக்குள் இருந்த பஸ்மியாவுக்கு அது கேட்டது. பிறகு பொலிஸ் நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்கப் போனபோது, அவள் சொன்னதை விளங்கி எழுத அங்கே ஆளில்லை. சிங்களத்தில் எழுதி நீட்டிய தாளில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள். பிரகலாதன் சொன்னதை மட்டும் நம்பித்தான் தவணை தவணையாகக் கோட்டுக்கு அலைந்தாள்.

போன பங்குனியில் அவன் சாட்சிக்கூண்டில் ஏறினான்.

"ஒரே புழுதி. ஓட்டினது ஆரெண்டு தெரியேல்ல."

நீதவான் திரும்பவும் கேட்டார். அதே பதில். டிப்பர்காரன் விடுதலையானான்.

வெளியே, மதிலோரம் நின்றவனிடம் பஸ்மியா போனாள். "தம்பி, அண்டைக்குக் கண்டனான் எண்டு சொன்னீங்களே."

அவன் நிமிரவில்லை. "வீட்டுக்கு வந்தவங்கள், அக்கா. மகள் எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை மணிக்கு விடும் எல்லாம் சொன்னவங்கள். என்னால ஏலாது."

சபிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த நேரத்தில் தன் மகள் ரிப்காவும் வகுப்பு முடிந்து தனியே நடந்து வந்துகொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது.

"போங்க, தம்பி" என்றாள்.

வீட்டுக்கு வந்தவள் அபாயாவைக்கூடக் கழற்றாமல் குசினியில் அடுப்போரம் நிலத்தில் சரிந்தாள். ரிப்கா வந்து, "என்ன உம்மா தீர்ப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பஸ்மியா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேன்முறையீட்டுக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்ல, அடுத்த கிழமை சட்டத்தரணி இரண்டு தரம் போன் அடித்தார். மணி ஓயும்வரை அவள் போனைத் தொடவில்லை. மூன்றாம் தரம் அவர் அடிக்கவில்லை.