முப்பது நொடி நின்ற ஆள்

தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். கண்ணாடி விற்பவரும் இல்லை, போட்டிருப்பவரும் இல்லை. ஊரே கைபேசியில் நொடிக்கு நாலு படம் தட்டித் தள்ளும்போது, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின முறைப்படி ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரே ஒரு படம் எடுக்க ஒரு மணி நேரம் அல்லாடும் புண்ணியவான். தகட்டில் பூசும் வெள்ளி உப்பு பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுப்பு. அவரோடு கை குலுக்கியவர்கள் அப்புறம் நைசாகத் தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

முன்பு அவரும் அவர் அண்ணனும் சேர்ந்து பாஸ்போர்ட் போட்டோ கடை வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "பட்டனை அமுக்கறதெல்லாம் ஒரு வேலையா?" என்று இவர் அண்ணனைக் கேட்டுவிட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் எதற்குமே பதில் சொல்லவில்லை. இவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனிக்கடை போட்டார். மன்னிப்புக் கேட்க தினமும் நினைப்பார். தினமும் ஏதாவது ஒரு தகடு காயாமல் கிடக்கும்.

அன்று காலை தெருவைப் படம் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. கடை வாசலில் பெட்டி கேமராவை நிறுத்தி, தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். அதில் எல்லாம் தலைகீழாக, மங்கலாகத் தெரியும். எதிர்வாசலில் யாரோ ஒரு ஆள் வௌவால் மாதிரி தொங்கினார். நின்றால் நிற்கட்டும் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தகட்டில் மருந்து ஊற்றினார். ஈரம் காய்வதற்குள் எடுத்தாக வேண்டும். ஓடி வந்து தகட்டைச் செருகி, லென்ஸ் மூடியைத் திறந்து, கைக்கடிகாரத்தின் முள்ளையே பார்த்தபடி முப்பது எண்ணினார். மூடினார். மறுபடி உள்ளே, மறுபடி கதவு.

முப்பது நொடியில் நடந்து போகிறவர்கள் யாரும் தகட்டில் விழமாட்டார்கள். சைக்கிள், ஆட்டோ, நாய் எல்லாம் காணாமல் போகும். அசையாமல் நின்றவர் மட்டும் விழுவார். கழுவும் தட்டில் பால் போல இருந்த படலம் மெல்ல விலகியது. காலித் தெரு. எதிர்வாசலில் ஒரே ஒரு ஆள், இஸ்திரி போட்ட சட்டையோடு, இந்தக் கடையையே பார்த்துக்கொண்டு.

அண்ணன்.

ஈரக் கையோடு வெளியே ஓடினார். வாசல் காலி. போன் போட்டார். அண்ணிதான் எடுத்தாள்.

"ஏன் தம்பி, அவ்வளவு கோபமா? உங்ககிட்ட ஒரு படம் எடுத்துக்கணும்னு தலைக்கு மை எல்லாம் அடிச்சிக்கிட்டு வந்தாரு. பார்த்ததும் துணியை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டீங்களாம். ரெண்டு தடவை கதவைச் சாத்தினீங்களாம்."

"அய்யோ அண்ணி, அது வேலை அண்ணி. போனை அண்ணன்கிட்ட குடுங்க."

"வாங்க மாட்டேங்கறாரே."

சாயங்காலம் தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். அண்ணன் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சட்டைப் பட்டன் வரைக்கும் தெரியுது."

"ஆமாண்ணா. கண்ணுக்குத் தெரியாததைக்கூட இது காட்டிடும்." பெருமையில் வாய் முந்திக்கொண்டது.

"சரி. உனக்குத் தெரியல."

"அதுல தலைகீழா தெரியும்ணா. அடையாளமே தெரியாது."

"தலைகீழா நின்னா எனக்கே என் புருஷனைத் தெரியாது," என்றாள் அண்ணி. யாரும் சிரிக்கவில்லை.

"முள்ளைப் பார்த்துட்டு இருந்தேன்ணா. நிமிரவே இல்ல."

"தெரியும். நான் உன்னைத்தானே பார்த்துட்டு இருந்தேன்."

கண்ணாடிக்காரர் துண்டை மடித்தார், பிரித்தார். மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு. "நாளைக்கு வாண்ணா. நல்லதா ஒண்ணு எடுக்கறேன். லென்ஸை அகலமாத் திறந்து வெச்சா எட்டு நொடி நின்னா போதும்."

"இன்னைக்குக் கால் மணி நேரம் நின்னேன்டா," என்றார் அண்ணன். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

தகட்டை விளிம்பில் மட்டும் பிடித்து, விரல் படாமல் திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி," என்றாள் அண்ணி. அண்ணனும் சொல்லுவார் என்று கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் படியிறங்கினார்.