இறங்கிக் கிடந்த கட்டில் கம்பி

நர்ஸ் வேலைக்குப் படிக்கும் பெண்களுக்குப் பாடம் சொல்லும் டீச்சரம்மா சரியான பிடிவாதக்காரி. ஆளுக்கொரு கட்டில், ஆளுக்கொரு பரீட்சை என்று பிரின்சிபால் தலைபாடாய் அடித்துக்கொண்டாலும் கேட்கமாட்டாள். நாலு பெண்களை ஒரே கட்டிலில் விட்டுத்தான் வேலை பழக்குவாள். "இந்தத் தடவை ஏதாவது சொதப்புச்சுன்னா, இந்தக் கூட்டு வேலையை இதோட நிறுத்திடணும்" என்று அவரும் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று வேலை பழகுகிற பொம்மைக்குப் பதில் அவளே நோயாளியாகப் படுத்துக்கொண்டாள். பொம்மைக்குத்தான் வலிக்காதே! ஆளைப் புரட்டிப் படுக்கை விரிப்பை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒருத்தி கட்டிலின் தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டு விரிப்பைச் சுருட்டினாள். இன்னொருத்தி நாடி பார்த்தாள். பூனைக்குட்டி என்று கேலி பேசப்படுகிற பெண் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முந்திரிக்கொட்டை என்று பேரெடுத்தவள்தான் அதிகாரம் பண்ணினாள்.

"ம், புரட்டுங்க!"

டீச்சரம்மா தொப்பென்று தரையில் விழுந்தாள்.

அவள் மணிக்கட்டு ஒரு தினுசாய்த் திரும்பிக் கிடந்தது.

"கம்பியை ஏத்தலையாடி?" முந்திரிக்கொட்டை கம்பியை இறக்கியவளிடம் பாய்ந்தாள்.

"நீ ஏத்தியிருப்பேன்னு நெனச்சேன்டி!"

பூனைக்குட்டி விம்மினாள். "கம்பி எறங்கியிருந்ததை நான் பாத்தேன் மேடம்."

"பாத்துட்டா சும்மா நின்ன?" என்றாள் டீச்சரம்மா, தரையில் கிடந்தபடியே.

பூனைக்குட்டி முந்திரிக்கொட்டையைக் காட்டினாள். "எது சொன்னாலும் 'ஒனக்கென்ன தெரியும்'னு இவ வாயை அடைச்சிடுவா."

டீச்சரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒடிந்த கைகூட மறந்துபோனது. நாலு பேரைச் சேர்த்து நிறுத்தினாளே தவிர, நாலு பேரையும் பேச வைத்தாளா?

மாவுக்கட்டோடு வந்தவளைப் பார்த்து, "போதுமா ஒங்க கூட்டு வேலை?" என்றார் பிரின்சிபால்.

"வார்டுல தனியாளா நின்னா சார் பேஷண்டைப் புரட்டுறாங்க? ஒரே ஒரு தடவை நின்னு பாருங்க."

சொன்னவள் அதே கட்டிலில் ஏறிப் படுத்தேவிட்டாள்! அவருக்கு முகம் வெளுத்துப்போனது.

"பூனைக்குட்டி சரின்னு சொல்ற வரைக்கும் எவளும் என்னைத் தொடக் கூடாது."

கம்பியை இறக்கினார்கள், விரிப்பைச் சுருட்டினார்கள். பழக்கதோஷத்தில் முந்திரிக்கொட்டை, "ம், புர..." என்று ஆரம்பித்தாள்.

"நிறுத்துடி!"

பிரின்சிபாலே ஓரடி பின்வாங்கினார். பூனைக்குட்டியின் தொண்டையிலிருந்தா அந்தச் சத்தம்!

"கம்பி எறங்கிக் கெடக்கு. நீ ஏத்து."

முந்திரிக்கொட்டை கம்பியை ஏற்றினாள். "ஏத்திட்டேன்."

"ஆட்டிப் பாரு."

"ஆடலை."

"சரி. இப்பப் புரட்டலாம்."

மாவுக்கட்டுக் கை மேலே இருக்க, டீச்சரம்மா பூப்போலப் புரண்டாள். முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"சார், இருக்கீங்களா, போயிட்டீங்களா?"

"இருக்கேம்மா." அவர் குரலில் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. "அடுத்த நாலு பேரைக் கூப்பிடுங்க. ஆனா நீங்க மொதல்ல கட்டிலை விட்டு எறங்குங்க!"