ஆறு கடலுக்குப் போகுதா என்று பார்க்கப் போன புஷ்பா அக்கா

புஷ்பா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி என் போனுக்கு வந்தபோது நான் நம்பவில்லை. நானுஓயாவில் நான் வேலை செய்யும் கடையில் ஒருவருக்கு அடையாள அட்டையைப் போட்டோக் கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் அக்காவின் படத்தைச் சுற்றி மாலை போட்டு, கீழே இரண்டு விளக்கை எரியவிட்டு, யாரோ அனுப்பியிருந்தார்கள். மாலையின் ஓரம் சரியாக வெட்டப்படாமல் அக்காவின் காதை மறைத்திருந்தது. "யார் சொன்னது? எங்கிருந்து எடுத்தீங்க?" என்று உடனே எழுதினேன்.

காரணம், புஷ்பா அக்கா ஏற்கெனவே ஒரு தடவை இறந்தவர். முன்பொரு தரம் பஸ் விபத்து என்று சொல்லி இதே மாதிரி மாலை போட்ட படத்தைப் பரப்பினார்கள். அன்று பின்னேரமே அக்கா வட்டகொடை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு ஒரு வீடியோ போட்டார். "நான் செத்துட்டேன்னு சொல்றாங்க. போய்ப் பாத்தேன். நம்ப முடியாது." அவ்வளவுதான் வீடியோ. அவர் போட்டவற்றிலேயே அதிகம் பேர் பார்த்தது அது.

அதனால் இந்தத் தடவையும் அந்தப் பெஞ்சுக்காகக் காத்திருந்தேன். அக்காவின் போனுக்குக் கோல் எடுத்தேன். அவருடைய தம்பி செல்வா அண்ணன் பேசினார். நான் கேட்கும் முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது. "இந்தத் தடவ நெசம்தாம்மா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். அப்படியும் நான் நம்பாமல்தான் ரயில் ஏறினேன். அக்கா பழக்கிய பழக்கம் அது. பார்த்த பிறகுதான் அழுதேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புஷ்பா அக்கா வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். மிச்ச நேரத்தில் 'பாத்துட்டு சொல்றேன்' என்ற யூடியூப் சேனலை நடத்தினார். ஊரில், போனில், கோயில் வாசலில் யார் எதைச் சொன்னாலும் அக்கா அதைப் போய்ப் பார்ப்பார். கடைசியில் மூன்றில் ஒரு தீர்ப்புச் சொல்வார்: நம்பலாம், நம்ப முடியாது, இன்னும் தெரியல.

முடி வளரும் எண்ணெயைச் செல்வா அண்ணனின் தலையில் ஒரு பாதிக்கு மட்டும் தேய்த்துக் காட்டினார். அண்ணன் பல நாள் தொப்பியோடுதான் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனார். மேட்டுமலையில் சிறுத்தை இறங்குது என்று எல்லோரும் அலறியபோது தடத்தை அளந்துகொண்டே போய், துரை பங்களா நாயின் முன்னால் நின்றார். நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலை ஏறினால் முழங்கால் வலி பறந்துவிடும் என்று ஒருவர் சொன்னதற்காக ஏறி இறங்கி, கடைப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, "இருந்த வலி போகல. இல்லாத வலியும் வந்துருக்கு" என்றார்.

எனக்கு அவர் பழக்கமானது சண்டையில். ரயில் சுரங்கத்துக்குள் பெண் குரல் கேட்கிறது என்ற கதையைப் பார்க்கப் போன வீடியோவில் ஓர் இடத்தில் படம் வெட்டுப்பட்டிருந்தது. நான் யாரிடமும் படிக்காமல் போனிலேயே எடிட்டிங் பழகியவள். என் கண்ணுக்கு அது தப்பாது. "இந்த இடத்துல எடிட் பண்ணியிருக்கீங்க, எல்லாரையும் ஏமாத்துறீங்க" என்று கமெண்டில் கிழித்துப் போட்டேன். பதில் வந்தது: "வந்து பாருங்க தங்கச்சி. டிக்கெட்டு நீங்களே எடுத்துக்கணும்." போனேன். சுரங்கத்து வாயில் கிடந்த தகரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம்தான் அந்தப் பெண். வெட்டு விழுந்தது போனில் இடம் நிறைந்துபோனதால். அக்கா போனையே என்னிடம் கொடுத்து, "சந்தேகப்படுறவங்கதான் எனக்கு எடிட் பண்ணணும்" என்றார். அன்றிலிருந்து அவருடைய வீடியோக்களை நான்தான் வெட்டி ஒட்டினேன்.

எல்லா வீடியோவிலும் நான் மறக்காதது ஒன்றுதான். மகாவலி கடலில் விழும் இடத்துக்குப் படகில் போனது.

அக்காவின் அம்மா இறந்தபோது சாம்பலை அவர்கள் இருந்த லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடும் ஆற்றில் கரைத்தார்கள். அது மகாவலியில் கலந்து கடல் போய்ச் சேரும் என்று பூசாரி சொன்னார். அந்த அம்மா ஆயுளில் கடலைப் பார்க்காதவர். ஒவ்வொரு தடவை கடலுக்கு டிரிப் கிளம்பும்போதும் ஒரு சாவோ காய்ச்சலோ வந்து நின்றுவிடும். சேர்ந்துவிட்டார் என்றுதான் அக்காவும் நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் தலவாக்கலையில் பஸ் ஜன்னலால் அணையைப் பார்க்கும்வரை. அதற்கு முன் அதே இடத்தை எத்தனையோ தடவை பார்த்திருப்பார். அன்றுதான் தண்ணீர் அசையாமல் நிற்பது கண்ணில் பட்டது.

"கீழ இன்னும் நெறைய அணை இருக்காம். அம்மா எதுல நிக்கிறாங்களோ" என்று போனில் கேட்டார். சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கவில்லை.

கண்டி வழியாகப் பஸ் மாறி மாறி மூதூர் போனோம். அங்கே அக்காவுக்குத் தெரிந்த ஒரு டீச்சர் வீட்டில் தங்கி, காலையில் படகோட்டி ரபீக் நானாவின் இஞ்சின் போட்டில் ஏறினோம். ஏறும் முன் அக்கா அவரைக் கேட்ட கேள்விகளை ஒரு பொலிஸ்காரரும் கேட்டிருக்க மாட்டார். உங்களுக்கு நீந்தத் தெரியுமா, இந்த மிதவைச் சட்டை மிதக்குமா, இது மகாவலிதானா, வேறு ஆறு ஏதாவது வந்து கலக்கிறதா. நானா பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "தங்கச்சி, நீங்க ஆத்தப் பாக்க வந்தீங்களா, எனக்குக் கலியாணம் பேச வந்தீங்களா?" என்றார்.

நான் அதுவரை ஆறு என்றால் கல்லில் மோதிச் சத்தம் போட்டு ஓடுவது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே ஆற்றுக்குச் சத்தமே இல்லை. பல கைகளாகப் பிரிந்து, கண்டல் மரங்களின் வேருக்குள் நுழைந்து, எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாமல் பரந்து கிடந்தது. வேர்கள் விரல்களைப் போலத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு மணல் திட்டில் மாடுகள் நின்றன. பக்கத்திலேயே ஒரு முதலை வாயைத் திறந்து படுத்திருந்தது. மாடுகளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு நிறையக் கவலை இருந்தது.

அக்கா முதலையைப் பார்க்கவில்லை, நானாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஒடுக்கமான வளைவில் தன் சிவப்புத் தாவணியில் ஒரு துண்டைக் கிழித்து ஒரு கிளையில் கட்டினார். நேர்த்திக்கடன் என்று நானா நினைத்திருப்பார். வெயில் ஏறிய பிறகு போட் ஒரு வளைவில் திரும்பியது. எதிரே கிளையில் சிவப்புத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"என்னா நானா, இந்த மரம் எங்கள விட வேகமா வந்துருச்சு" என்றார் அக்கா.

நானா இஞ்சினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "ஓம், சுத்தினதுதான். ஆத்து வாயில தண்ணி வத்திக் கிடக்கு, மணல் ஏறியிரிக்கி. கடல் தண்ணி ஏறுற மட்டும் பொறுக்கணும். கடல் பாக்க இவ்வளவு தூரம் வந்த ஆக்களுக்கிட்ட, இப்ப ஏலாதெண்டு சொல்ல மனசு வரல்ல."

சண்டை வரும் என்று பார்த்தேன். அக்கா சோற்றுப் பார்சலை அவிழ்த்து முதல் பங்கை அவருக்கு வைத்தார். "பொய்ய ஒத்துக்கிட்ட ஆள இனி நம்பலாம்" என்றார். அது அந்த வீடியோவில் இருக்கிறது.

எனக்கு மட்டும் இன்னொரு சந்தேகம் இருந்தது. அக்காவின் பையில் துணி சுற்றிய ஒரு போத்தல். காலையிலிருந்து அதை யாரையும் தொடவிடவில்லை. கேட்டே விட்டேன். அக்கா துணியை அவிழ்த்துக் காட்டினார். வீட்டுக்குக் கீழே, சாம்பல் கரைத்த அதே இடத்தில் அள்ளிய மணல். அதில் காக்காப்பொன் துகள்கள் மினுங்கின. சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் கன்னத்தில் பூசி விளையாடிய அதே மினுக்கம்.

இங்கேயும் அதே மணல் இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். என் தலைக்குள் கமெண்டுகள் ஓட ஆரம்பித்துவிட்டன: 'இவங்களே கொண்டு போய்க் கொட்டிட்டு எடுத்துக் காட்டுறாங்க.' சொல்லப்போனால் முதல் கமெண்ட் நானே எழுதியிருப்பேன். என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. போத்தலை மூடி என் மடியில் வைத்தார். "நீ பிடிச்சுக்க. நான் ஆத்துல கை வைக்கல. நானா அள்ளட்டும், அவருக்குப் பிடிச்ச எடத்துல."

என்ன நடக்கிறது என்று நானாவுக்குத் தெரியாது. முழங்கையளவு தண்ணீரில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, அக்கா நீட்டிய இன்னொரு வெறும் போத்தலில் போட்டார். இரண்டு போத்தலையும் வெயிலில் பிடித்தேன். இரண்டும் மினுங்கின.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தம்நெயில் மனதில் ரெடியாகிவிட்டது: 'அம்மா கடல் சேர்ந்தார்.' லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று அந்தப் போட்டை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அக்கா போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மினுங்குறதெல்லாம் நம்ம ஊரா? வேற மலையில இருந்தும் வந்துருக்கும்ல?"

"அக்கா, இதுக்கு மேல என்னா வேணும்?"

"மண்ணு வந்துருக்குன்னே வச்சுக்குவோம். அம்மா வந்தாங்களான்னு மண்ணு சொல்லாது."

பிறகு தண்ணீர் ஏறியது. நானா சொன்னபடியே மணல் திட்டைத் தாண்டி எங்களை வெளியே கொண்டுபோனார். ஒரு பக்கம் ஆற்றின் மண் நிறம், மறுபக்கம் கொட்டியாரக் குடாவின் நீலம், நடுவில் நுரைக் கோடு. அக்கா கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். அந்தப் பக்கமும் தொட்டு வைத்தார். கமராவை மூடச் சொன்னார். மூடினேன்.

பிள்ளைக்காம்பராவில் குழந்தைக்கு ஜன்னலால் ரயிலைக் காட்டுகிற மாதிரி, கையை நீட்டி மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இதுதான் கடல்."

நானா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போத்தல்களையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீடியோவின் தீர்ப்பு 'இன்னும் தெரியல'. எத்தனை பேர் திட்டினார்கள் தெரியுமா. இவ்வளவு தூரம் போயும் முடிவில்லையா, பார்ட் டூ எடுக்கவா இந்த நாடகம் என்று. தீர்ப்பை மாற்றச் சொல்லி நானும் கெஞ்சினேன். "சந்தோசமா இருக்குங்கறதுக்காக நம்பக் கூடாது தங்கச்சி. அப்புறம் எல்லாத்தையும் நம்ப வேண்டி வந்துரும்" என்றார். ஆனால் அந்த இரண்டு போத்தலையும் அவர் கொட்டவில்லை. அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அன்று அக்காவைப் பார்த்து அழுதுவிட்டு நிமிர்ந்தபோது நான் பார்த்தது அவற்றைத்தான்.

அக்காவின் சாம்பலைக் கரைக்கும் நாளில் செல்வா அண்ணனோடு நான் வாதாடினேன். நேரே மூதூருக்குக் கொண்டுபோவோம், ரபீக் நானா வரச் சொல்கிறார், அக்காவுக்கு இந்த அணைகளின் மேல் நம்பிக்கை இல்லை, உங்களுக்கே தெரியும் என்றேன். அம்மா போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாமலே அக்கா போய்விட்டார், அவரையும் அப்படி நடுவழியில் விடக்கூடாது என்றேன். 

அண்ணன் சாம்பல் பானையைக் கீழே வைக்கவில்லை. "நானும் கேட்டேம்மா, மூதூர் போய்ட்டு வந்தப்பவே. உனக்கு ஒண்ணுன்னா அங்க கொண்டு போயிரவான்னு. வேணாம்னுருச்சு. அம்மா எந்த வழியா போனாங்களோ அந்த வழியாவே போறேன், வழியில எங்கயாச்சும் நின்னுருந்தா கூட்டிக்கிட்டுப் போறேன்னுச்சு."

 பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அணையெல்லாம் அக்காவ ஒண்ணும் பண்ணாது. அது கேக்குற கேள்வியில அணைக்காரனுங்களே கதவத் தொறந்து விட்ருவானுங்க" என்றார். பின்னால் நின்றிருந்த பிள்ளைக்காம்பராத் தாய்மார் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

லயத்துக்குக் கீழே, அந்த மணலை அள்ளிய இடத்தில் இறங்கினோம். மூதூர்ப் போத்தலில் இருந்த மண்ணையும் அண்ணன் அங்கேயே ஆற்றில் விட்டார். வந்த வழி அதற்குத் தெரிந்திருந்தால் வழிகாட்டட்டும் என்று. பிறகு பானையைச் சாய்த்தார். சாம்பல் உடனே போய்விடவில்லை. ஒரு பாறைக்குப் பின்னால் சுழலில் சிக்கி, ஓட்டத்துக்கு எதிராக எங்கள் பக்கம் திரும்பி வந்து, பாறையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியது. அண்ணன் கையால் தள்ளிவிடக் குனிந்தார். நான் தடுத்தேன். அக்கா எதையும் பார்க்காமல் போகிறவர் இல்லை. சுற்றி முடித்த பிறகு அது தானாகவே நேரான ஓட்டத்தில் சேர்ந்து, தலவாக்கலைப் பக்கம் போனது.

போய்ட்டு வாங்க அக்கா. அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போங்க. சேந்துட்டீங்கன்னு யார் வந்து சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். மூதூருக்கு வாறேன்னு ரபீக் நானாகிட்டச் சொல்லிட்டேன். பாத்துட்டு சொல்றேன்.