கோப்பில் மூன்று கையெழுத்துகள்

தொண்ணூற்று மூன்றில் ஒரு சனிக்கிழமை மதியம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்ததும் “அண்ணி” என்று ஒரு குரல். எட்டு வருடமாக என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. கிள்ளானிலிருந்து அவருடைய தங்கை.

முன்னாள் கணவர் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும். நான் வேலை பார்த்த காப்புறுதி அலுவலகத்தில் கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொல்லி வந்தேன். ஆனால் எனக்குள் அவர் எப்போதும் வெறும் அவர்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவள் வெயிலைப் பற்றிப் பேசினாள், தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள், பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

“அண்ணி, அண்ணனுக்கு ஒரு எடம் பாத்திருக்கோம். சிரம்பான் பக்கம். ரெஜிஸ்டர் பண்ண கோர்ட்டு பேப்பர் கேக்குறாங்க. கடைசிப் பேப்பர அண்ணிகிட்டதான் கேக்கணும்னு அண்ணன் சொன்னாரு.”

“ஏன், அவருக்குக் கோர்ட்டுக்கு வழி தெரியாதா?”

“அது அண்ணி போட்ட கேஸு, அவுங்கதான் எடுக்கணும்னு சொல்லிட்டாரு லா.”

பொண்ணு என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை என்று எழுத ஆசைதான். கேட்டேன். டீச்சராம். நல்லது, எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வாளியில் மிச்சமிருந்த துணி சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது.

எங்கள் சண்டையைக் கதையாகக் கேட்க வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். குடி இல்லை, அடி இல்லை, இன்னொருத்தி இல்லை. அவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. எனக்குக் கோலாலம்பூரில் தட்டச்சு வேலை. கல்யாணமான நாளிலிருந்து விடிவதற்குள் எழுந்து பஸ் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்பினேன். கோலாலம்பூரிலேயே, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீடு வாடகைக்கு எடுக்கலாம் என்று சொன்னேன். “பாப்போம்” என்றார். மூன்று வருடம் அதையே சொன்னார். எனக்கு வாய் நீளம். அவர் பேசாமலே ஆளைக் கொல்லுகிற ரகம். ஒரு நாள் வேலை முடிந்து கிள்ளான் பஸ் ஏறாமல், பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். வந்து கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். தானாக வரட்டும் என்று அவர் இருந்திருப்பார்.

இரண்டு வருடம் போனதும் விவாகரத்து வழக்குப் போட்டேன். யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அவரைப் பயமுறுத்தத்தான் போட்டேன். நோட்டீஸைப் பார்த்ததும் பதறிக்கொண்டு ஓடி வருவார் என்று நினைத்தேன். வழக்கு விசாரணைக்கு முன்னால் சமரசக் குழு என்று ஒன்று இருந்தது. மூன்று தடவை எங்களைக் கூப்பிட்டு எதிரெதிரே உட்கார வைத்தார்கள். சேர்ந்து வாழ வழி உண்டா என்று அதிகாரி கேட்கும்போதெல்லாம் அவர் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, “அவுங்க விருப்பம்” என்பார். நீதிபதி முன்னாலும் அதே மூன்றாம் மனுஷப் பேச்சு. எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையை நிமிர்த்தி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே தாழ்வாரத்தில் என் பக்கம் வந்து, “சாப்டியா?” என்று கேட்டார். ஆச்சு என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவர் படியிறங்கிப் போனார். என் வக்கீல் பக்கத்தில் நின்று மூன்று மாதம், இன்னொரு விண்ணப்பப் பாரம் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். என் கண் படியிறங்கிப் போகிறவருடைய சட்டை முதுகில் இருந்தது. காலர் பக்கம் சரியாக இஸ்திரி போடாமல் மடங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கொஞ்ச நாளில் வக்கீல் ஜொகூர் பக்கம் மாறிப் போய்விட்டார். போவதற்கு முன் தபாலில் ஓர் உறை அனுப்பியிருந்தார். பிரிக்காமல் பெட்டியின் அடியில் போட்டேன்.

தங்கை கூப்பிட்ட அன்று ராத்திரிதான் அந்த உறையைப் பிரித்தேன். இரண்டு பக்கம். என் பெயர், அவர் பெயர், நீதிமன்ற முத்திரை. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அலுவலகத்தில் ஒரு கமா விட்டுப்போனால்கூட ஊரைக் கூட்டுகிறவள் நான். என் சொந்தக் காகிதத்தை இரண்டு வரிக்கு மேல் படிக்காமல் பைக்குள் வைத்தேன். முத்திரை போட்ட நகல் ஒன்று வாங்கினால் போதும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, திடலுக்கு எதிரே மணிக்கூண்டு உள்ள அந்தப் பழைய நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனேன். ஒரு கவுண்டர் முகப்பிலிருந்து இன்னொரு முகப்புக்கு, அங்கிருந்து மாடிக்கு, மாடியிலிருந்து மறுபடி முதல் முகப்புக்கே அனுப்பினார்கள். கடைசியில் கோப்புகளைத் தேடித் தரும் பிரிவில் ஒரு தமிழர் இருந்தார். என்னைவிடச் சில வயது இளையவர், நிதானமான ஆள். நான் கொடுத்த காகிதத்தில், நான் எட்டு வருடமாகச் செய்யாததைச் செய்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார்.

“அக்கா, இது முடிஞ்ச பேப்பர் இல்லையே. இது மொத உத்தரவு. மூணு மாசம் டைம் குடுப்பாங்க. அதுக்கப்புறம், முடிச்சுக் குடுங்கன்னு கேஸு போட்டவங்க இன்னொரு பாரம் போடணும். அப்பதான் கடைசி சர்டிபிகேட்டு வரும்.” பதிவுப் புத்தகத்தை எடுத்து விரலை ஓட்டினார். “யாரும் போடல.”

“அப்படின்னா?”

“அப்படின்னா நீங்க இன்னும் அவரு சம்சாரம்தான்.”

கோபம் வர வேண்டிய இடம் அது. வெட்கமாவது வந்திருக்கலாம். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நாற்பத்து மூன்று வயதில், முகப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றேன். கோப்பு வேறு கட்டடத்தில் இருக்கிறது, தேடுவதற்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வியாழக்கிழமை வாருங்கள் என்றார்.

அந்த மூன்று நாளும் நான் அவர் மனைவியாக இருந்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தேன், கத்தரிக்காயைப் பெரிதாக நறுக்கிப் போட்டு, அவருக்குப் பிடிக்கிற மாதிரி. புதன்கிழமை அலுவலகத்தில் மருத்துவச் சலுகைப் பாரம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். திருமணமானவர் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். மேலதிகாரியான சீனப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கோப்பைப் பார்க்கப் போகாமலே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். போகாவிட்டால் யாரும் எதுவும் செய்ய முடியாது. சிரம்பான் டீச்சர் வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனாலும் வியாழக்கிழமை போனேன். அந்தக் காகிதத்தில் அவர் கையெழுத்து எங்காவது இருக்கும், பார்க்கலாம் என்று போனேன்.

பழுப்பு அட்டை, நடுவில் துளை போட்டுக் கட்டிய நாடா. முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோப்பை யார் யார் பார்த்தார்கள் என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்குகிற தாள். கோப்புக்காரர் என்னையும் போடச் சொன்னார். பேனாவை வைக்கப் போன இடத்துக்கு மேலே மூன்று கையெழுத்துகள் இருந்தன. மூன்றும் தமிழில். மூன்றும் ஒருவருடையவை.

அவர் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். கடைசி எழுத்தின் வாலைக் கோட்டுக்குக் கீழே இழுத்துவிடுவார். முதல் கையெழுத்து, தீர்ப்பான நாலாம் மாதம். இரண்டாவது, அதற்கு அடுத்த வருடம். மூன்றாவது, நான் நின்றுகொண்டிருந்த அந்த நாளுக்கு மூன்று வருடம் முன்னால்.

“இவரு எதுக்கு வந்தாரு, தம்பி?”

கோப்புக்காரர் அதைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “ஓ, இவரா. ஞாபகம் இருக்கு. மொத தடவ நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவுங்க இன்னும் பாரம் போடலையான்னு கேட்டாரு. போடலேன்னேன். அவுங்க போடலன்னா நீங்களே போடலாம் அண்ணேன்னும் சொன்னேன். வேணாம் தம்பி, அது அவுங்க விருப்பம்னு சொல்லிட்டுப் போனாரு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “போறப்ப சிரிச்ச மாதிரி இருந்துச்சிக்கா” என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் பாரம் போடாததை அவர் என் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறார். முடித்துவிட என் கையில் எல்லாம் இருந்தும் முடிக்காமல் வைத்திருக்கிறேன், ஏதோ ஒரு நாள் வருவேன் என்று நம்பியிருக்கிறார். நானோ அப்படி ஒரு பாரம் இருப்பதே தெரியாமல், எல்லாம் முடிந்துபோனது என்று தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். என் அறியாமையைக் கட்டிக்கொண்டு அந்த மனுஷன் ஐந்து வருடம் காத்திருந்திருக்கிறார்.

அழுகையோடு கோபமும் வந்தது. கிள்ளானிலிருந்து மூன்று தடவை இந்தக் கட்டடத்துக்கு வரத் தெரிந்தவருக்கு, இங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் வர மினி பஸ்ஸில் பத்து நிமிடம் ஆகுமா? வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே. பிறகு என்னையே நினைத்துக்கொண்டேன். எட்டு வருடமும் காலையில் கிள்ளான் பஸ் நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நான் அலுவலகம் போனேன், அது எனக்கு வழியே இல்லை. ஒரு நாளும் ஏறவில்லை. யாரை யார் திட்டுவது?

அன்றைக்கும் அங்கேதான் போய் நின்றேன். நடத்துனர் கிள்ளான், கிள்ளான் என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு பஸ் போனது. அடுத்ததும் போனது. ஏறியிருந்தால் ஒரு மணி நேரத்தில் அவர் வீட்டு வாசலில் இருந்திருப்பேன், நான் இன்னும் உங்கள் மனைவிதான் என்று சட்டப்படியே சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கோப்பைப் பார்க்க வருவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது கடைசிப் பேப்பரைக் கேட்டிருக்கிறார், அதற்கான பாரம் இன்னும் போடப்படவில்லை என்று தெரிந்தே. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். நான் மூன்றாவது பஸ்ஸுக்கு நிற்கவில்லை.

இவ்வளவு வருடம் தாமதமானதால் வெறும் பாரம் போதாது, சத்தியப் பிரமாணம் ஒன்றும் வேண்டும் என்று கோப்புக்காரர் மாதிரிப் படிவம் ஒன்று கொடுத்திருந்தார். அலுவலகம் முடிந்த பிறகு என் தட்டச்சு இயந்திரத்திலேயே, மலாயில் அடித்தேன். தீர்ப்புக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாழவில்லை. எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்த இரண்டு வரியை அடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. மூன்றாவது வரி, தாமதத்துக்குக் காரணம். எனக்குத் தெரியாது என்று அடித்தேன். அதுதான் உண்மை.

அடித்ததைப் படித்துப் பார்த்தேன். இது அவர் கைக்குப் போகும். படிப்பார். காத்திருந்தது எதற்காகவும் இல்லை என்று அவருக்கு என் கையெழுத்தோடு தெரிந்துவிடும். தாளை உருவிக் கசக்கிப் போட்டேன். புதுத் தாள் வைத்து, அந்த இடத்தில், எனக்கு இன்னும் மனம் வரவில்லை என்று அடித்தேன்.

நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியறையில் சத்தியப் பிரமாண ஆணையர் இருந்தார். வயதான சீக்கியர். இதில் இருப்பதெல்லாம் உண்மைதானே என்று மலாயில் கேட்டார். பொய் சொல்கிறோமே, குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. உண்மைதான் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சில வாரத்தில் சான்றிதழ் வந்தது. அதோடு சத்தியப் பிரமாணத்தின் நகலையும் வைத்துப் பதிவுத் தபாலில் கிள்ளானுக்கு அனுப்பினேன். கடிதம் எதுவும் எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் தங்கை கூப்பிட்டாள்.

“வந்து சேந்துச்சி அண்ணி. சர்டிபிகேட்ட குடுத்தாச்சி. இன்னொரு பேப்பர் இருந்துச்சே, அதையும் குடுக்கணுமான்னு அண்ணன்கிட்ட கேட்டேன். ரெண்டு மூணு தடவ படிச்சாரு. இது ஆபீசுக்கு இல்ல, எனக்கு வந்ததுன்னு சொல்லி மடிச்சு சட்டப் பையில வச்சிக்கிட்டாரு.”

கல்யாணம் என்றைக்கு என்று கேட்டேன். சொன்னாள். அண்ணனுக்கு நீலம் பொருந்தாது, வெள்ளைச் சட்டை எடுங்கள் என்றேன். காலரை நன்றாக இஸ்திரி போடச் சொல் என்றும் சொன்னேன். “சரிங்க அண்ணி” என்றாள். அதற்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.