உதுமான் பாய் நடிக்காத துருக்கிப் படம்

ஈரச் சுவரில் மைதா பசை வாடை... சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டினாலே எங்கள் போஸ்டர் கண்ணில் படும். "உதுமானிய ஓவியரின் கதை. துருக்கிப் படம். ஞாயிறு காலை."

வாசகம் நான் எழுதியது. எண்பதுகளின் தொடக்கம், ஹைஸ்கூலில் நான் புது டீச்சர். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு திரைப்படக் கழகம் ஆரம்பித்திருந்தோம். தியேட்டர் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆளும் வரணும், ரகளையும் ஆகக் கூடாது டீச்சர். ஒரு சேர் ஒடைஞ்சாலும் இதோட சரி."

ஞாயிறன்று போய்ப் பார்த்தால்... அம்மாடி! பக்கத்துத் திருவேங்கடத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்த ஆள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. ஊரில் பாதிக் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர் உதுமான் பாய். துருக்கி சுல்தான்களின் உதுமானியப் பேரரசை நினைத்து 'உதுமானிய ஓவியர்' என்று நான் எழுதியதை ஜனங்கள் 'ஓவியர் உதுமான்' என்று படித்துவிட்டார்கள்! பாய் துருக்கிக்குப் போய் நடித்துவிட்டு வந்தாராம். கேட்டவர்களிடம் அவரும் இல்லையென்று சொல்லவில்லை. புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

படம் ஓடியது. சுல்தான் அரண்மனை, தாடி வைத்த ஓவியர், புரியாத பாஷை, கீழே இங்கிலீஷ் எழுத்து. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள்.

"எங்கவே நம்ம உதுமான் பாயி?"

"ஏமாத்துதாங்கலே! படத்த நிப்பாட்டு!"

விசில் பறந்தது. சேர்கள் கடகடவென்று ஆடின. முதலாளி என்னை முறைத்தார். போச்சு, கழகம் இன்றோடு போச்சு! ஆனால் வகுப்பில் கத்திப் பழகிய தொண்டையாச்சே... படத்துக்கு முன்னால் பேச வைத்திருந்த மைக்கை எடுத்தேன்.

"சத்தம் போடாதீங்க! அந்தா திரையில தாடியோட நிக்காரே, அவருதான் துருக்கி உதுமான்! சுல்தான் என்ன கேக்காரு தெரியுமா? 'ஏலே, என் மூக்க ஏம்ல இம்புட்டு நீளமா வரைஞ்சே?'"

கொட்டகையே சிரித்தது. அதற்கப்புறம் கடைசி வரை படத்தில் எல்லாரும் என் குரலில் நெல்லைத் தமிழில்தான் பேசினார்கள், சுல்தான் உட்பட. ஓவியரைச் சிறையில் தள்ளியபோது ஓர் அக்கா எழுந்து நின்று, "நீ வெளங்குவியால?" என்று சுல்தானைத் திட்டினார்.

முடிந்ததும் உதுமான் பாய் வந்தார். "படம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். அந்தாளுக்கு பிரஷ்ஷே பிடிக்கத் தெரியல. என்னையவே போட்டிருக்கலாம்."

முதலாளி சேர்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து, "அடுத்து என்ன படம்?" என்றார்.

இப்போது எந்த நாட்டுப் படமும் போனிலேயே தமிழ் பேசுகிறது. விடாமல் பார்க்கிறேன். என் சுல்தான் பேசிய தமிழுக்கு இந்த டப்பிங்காரர்கள் பக்கத்தில் வர முடியாது, அது வேறு! ஆனால்... நம்ம ஊர்க்காரர் நடித்திருக்கிறார் என்று தப்பாகவாவது நம்பி, பஸ் ஏறி ஓடி வர இப்போது யார் இருக்கிறார்கள்?