நெல்லறையில் பத்து நாள்

கொழும்பிலிருந்து திரும்பிய சித்தப்பா ஓர் அலாரக் கடிகாரம் கொண்டுவந்தார். வந்த வேகத்தில் என் படிப்பையும் கையில் எடுத்துக்கொண்டார். ஏழாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள். தேறினால் நாகர்கோவிலில் விடுதியில் தங்கி மேலே படிக்கலாம். தவறினால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கோ கணக்கு வராது.

பிள்ளைகளின் மூளை கால் மணி நேரம்தான் ஓடும், அதற்குமேல் சூடேறிவிடும் என்பது சித்தப்பாவின் கண்டுபிடிப்பு. கால் மணிக்கு ஒரு தடவை மணி அடிக்கும். உடனே நான் எழுந்துபோய் மூளையை ஆறவைக்க வேண்டும். ஆறவைப்பது என்றால் ஆட்டுக்குக் குழை ஒடிப்பது, தம்பியைக் குளிப்பாட்டுவது, தண்ணீர் கோருவது. இரண்டு குழாய் சேர்ந்து தொட்டியை நிரப்பும் கணக்கில் பாதி போயிருப்பேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓட வேண்டும். திரும்பி வந்தால் முதல் குழாயே மறந்திருக்கும். ஐந்து நாளில் ஒரு கணக்குகூட முடியவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

ஆறாம் நாள், முற்றத்தில் காயப்போட்ட மரச்சீனிக் கிழங்கைக் கோழி கொத்திவிட்டது. அம்மாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, என்னைப் பிடித்து நெல்லறைக்குள் தள்ளினாள். சிலேட்டையும் கணக்குப் புத்தகத்தையும் கூடவே வைத்தாள்.

“பொழுது சாயுறது வர இங்ஙனயே கெட” என்று வெளியே கொண்டி போட்டாள்.

கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு வேறு வேலை இல்லாததால் கணக்குப் போட்டேன். மணி அடித்ததும் சித்தப்பா வந்து கதவைத் தட்டினார்.

“தண்டனையில கெடக்கவளைக் கூப்பிடாண்டாம், தம்பி” என்றாள் அம்மா.

மத்தியானம் கஞ்சி வந்தது, பொரித்த மீனோடு. தண்டனைக்காரிக்குப் பொரித்த மீன் எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஒரு தப்பும் வராமல் பூனைபோல் நடந்தேன். தலையில் எண்ணெய் வைக்கவில்லை என்று உள்ளே தள்ளினாள். அதற்கடுத்த நாள் தும்மியதற்கு. பரீட்சை வரைக்கும் இதே கதைதான்.

தேறிவிட்டேன். சித்தப்பா கடிகாரத்தைக் கோயிலுக்கே தூக்கிப்போய்ப் பெருமை அடித்தார். எனக்கு அம்மாமேல் இருந்த ஆத்திரம் அடங்கவில்லை. நாகர்கோவிலுக்கு வண்டி ஏறும்போதும் முகம் கொடுக்கவில்லை. அவள் சக்கரத்தருகே வந்து நின்றாள்.

“அங்க ஒன்ன இடையில ஆரும் கூப்பிட மாட்டாவ, மக்கா.”

போகிற நேரத்தில்கூட இப்படியா ஒரு தாய் சொல்வாள் என்று நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.